அவிழ்க்கக் கூடாத முடிச்சு: மெக்சிகோ நகரில் லூச்சா லிப்ரே பார்க்கப் போகுமுன்

மெக்சிகோ நகரத்தின் தொக்தோரெஸ் பகுதியில் தெருக்களுக்கெல்லாம் மருத்துவர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான டாக்டர் லவிஸ்தா தெருவில் அரேனா மெக்சிகோ என்னும் அரங்கம் நிற்கிறது. லூச்சா லிப்ரே எனப்படும் மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தம் நடப்பது இங்கேதான். வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும் அதன் வாசலை ஒட்டிய நடைபாதையில் முகமூடிக் கடைகள் முளைத்துவிடுகின்றன. வெள்ளியும் நீலமும் பொன்னிறமுமாக முகமூடிகள் கம்பிச் சட்டங்களில் தொங்க, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே நுழையும்போது வழிகாட்டியிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: இந்தச் சண்டை நிஜமா, நடிப்பா?

யார் வெல்வார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. இது அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் கயிற்றுக்கு மேலேறிப் பாய்கிறவரின் எடையும், அவர் விழுகிற தரையின் கடினமும் நிஜமானவை. 1993ஆம் ஆண்டு அக்டோபரில் ஓரோ என்ற இளம் வீரர் குவாதலஹாராவில் நடந்த போட்டியின்போது விழுந்து உயிரிழந்தார். 2015 மார்ச்சில் திஹுவானாவில் எல் ஹிஹோ தெல் பெர்ரோ அகுவாயோ, 35 வயதில், கோதாவிலேயே சுயநினைவிழந்து இறந்துபோனார். இந்த அளவுக்கு மேல் அந்தக் கேள்விக்கு விடை தேடுவது வீண் என்பது என் கருத்து. அந்த அரங்கில் உண்மையாகவே பணயம் வைக்கப்படும் பொருள் ஒன்று இருக்கிறது. அது வீரரின் முகமூடி. அதன் பின்புறம் நாடாவால் போடப்பட்டிருக்கும் முடிச்சுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வாக்குறுதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான், மற்றவர்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள், ஏன் சில நேரம் அழுகிறார்கள் என்பது விளங்கும்.

முகமூடியை அஸ்டெக் பூசாரிகளின் சடங்கு முகமூடிகளோடு இணைத்துப் பேசுவது சுற்றுலாத் துறையில் வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருந்தாலும், கோதா முகமூடியின் பிறப்பு வேறு. வரித்துறையில் ஆய்வாளராக வேலை பார்த்த சால்வதோர் லுத்தெரோத் என்பவர் எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸுக்கு மாற்றலாகிப் போன காலத்தில், பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் அமெரிக்க ஊரான எல் பாசோவில் மல்யுத்தக் காட்சிகளைப் பார்த்து அவற்றில் மனம் பறிகொடுத்தார். தலைநகருக்குத் திரும்பி அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் காட்சி 1933 செப்டம்பர் 21 அன்று நடந்தது. இன்று சேஎமெலெலெ (CMLL) என்ற எழுத்துச் சுருக்கத்தால் அறியப்படும் அந்த நிறுவனம்தான், இப்போதும் இயங்கிவரும் தொழில்முறை மல்யுத்த நிறுவனங்களில் உலகிலேயே பழையது. நியூயார்க்கில் 1915இலேயே முகம் மறைத்த மல்லர் ஒருவர் கூட்டம் சேர்த்திருந்தார். அந்த உத்தி 1934இல் மெக்சிகோவுக்கு வந்தபோது, மற்போர்க் காலணிகள் தைத்துவந்த அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற கைவினைஞரிடம் ஓர் அமெரிக்க வீரர் தனக்கு முகமூடி ஒன்று செய்துதரச் சொன்னார். மார்த்தினெஸ் அதை ஆட்டுத்தோலில் தைத்தார். காலணிக்காரர் கையில் பிறந்ததாலோ என்னவோ, அன்று முதல் இன்று வரை அது தலையின் பின்புறத்தில் நாடா கோத்து இறுக்கப்படுவதாகவே இருக்கிறது. தோல் போய் நெகிழ்துணி வந்துவிட்டது. அந்த நாடாவும் முடிச்சும் மாறவில்லை. மார்த்தினெஸின் மகனும் அதே தொழிலைத் தொடர்ந்தார்.

ஆகவே இரவல் வாங்கிய ஒரு வணிக உத்தியாகத்தான் முகமூடி அந்த மண்ணுக்கு வந்தது. மெக்சிகோ மக்கள் அதற்குத் தந்த பொருள்தான் அவர்களுக்கே உரியது. அமெரிக்காவில் முகமூடி என்பது பெரும்பாலும் கெட்டவனின் அடையாளமாகவோ சில மாதத்துக்கான வேடிக்கையாகவோ இருந்து மறைந்தது. மெக்சிகோவில் அது ஒருவரின் வாழ்நாள் முகமாயிற்று. அந்த மாற்றத்தை ஒரு மனிதரின் கதை வழியாகவே எளிதில் சொல்ல முடியும்.

இதால்கோ மாநிலத்துத் துலான்சிங்கோவில் 1917இல் பிறந்த ரொதோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா, வேறு சில பெயர்களில் மோதிப் பார்த்த பிறகு, 1942 ஜூலை 26 அன்று வெள்ளி முகமூடியுடன் எல் சாந்தோவாகக் கோதாவில் இறங்கினார். சாந்தோ என்றால் புனிதர் என்று பொருள். ஆனால் இந்தப் புனிதர் முதல் இருபது ஆண்டுகள் விதிகளை மீறும் முரடர்களின் பக்கமே நின்றார். 1962இல்தான் நல்லவர்கள் பக்கத்துக்கு மாறினார். இடையில் 1952ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு வகையில் திருப்புமுனையானது. அவரை நாயகனாகக் கொண்ட படக்கதை இதழ் அந்த ஆண்டில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று அரேனா கொலிசேயோ அரங்கில் பிளாக் ஷேடோ என்ற வீரரின் முகமூடியைப் பந்தயத்தில் அவர் வென்றார். பிளாக் ஷேடோவின் உற்ற கூட்டாளியான ப்ளூ டீமன் அதற்குப் பழிதீர்க்கக் கிளம்ப, அடுத்த ஆண்டே சாந்தோவைத் தோற்கடித்து அவரிடமிருந்த பட்டத்தைப் பறித்தார். இவர்கள் இருவரின் பகை ஒரு தலைமுறை முழுவதற்கும் பேச்சாக இருந்தது. சாந்தோ ஐம்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்தார். ஒன்றிலும் முகத்தைக் காட்டவில்லை.

1984 ஜனவரியில், ஓய்வு பெற்றிருந்த சாந்தோ ஒரு தொலைக்காட்சி உரையாடலில் கலந்துகொண்டார். பேச்சின் நடுவே, யாரும் எதிர்பாராத நேரத்தில், தம் முகமூடியைச் சற்றே மேலே தூக்கி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டிவிட்டு மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறைத்து வைத்திருந்ததை அவர் அத்தனை சாதாரணமாகச் செய்தார். சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, மாரடைப்பால் இறந்தார். அவரை வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்தார்கள். வீதிகளில் பெருங்கூட்டம் திரண்டது. 2000 டிசம்பரில் மறைந்த ப்ளூ டீமனும் தம் நீல முகமூடியோடுதான் அடக்கமானார்.

இத்தகைய பொருளை ஒருவர் பந்தயத்தில் வைப்பது என்றால் என்ன என்பதை இனி ஊகிக்கலாம். மெக்சிகோ மற்போரில் பட்டங்களும் பெல்ட்டுகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலாக மதிக்கப்படுவது பந்தயப் போட்டிதான். முகமூடிக்கு எதிர் முகமூடி என்பது அதன் உச்சம். முகமூடி அணியாதவர் தம் தலைமுடியைப் பணயம் வைப்பார். தோற்றால் கோதாவிலேயே மொட்டை அடிக்கப்படும். முடி வளர்ந்துவிடும், முகமூடி திரும்பி வராது. அதனால் பெரிய வீரர்களுக்கிடையிலான முகமூடிப் பந்தயம் அரிதாகவே நடக்கிறது. பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் பகையை வளர்த்துத்தான் அதற்கு நாள் குறிக்கிறார்கள்.

தோற்றவர் செய்ய வேண்டியவை வழக்கத்தால் வரையறுக்கப்பட்டவை. அவர் கோதாவின் நடுவில் நிற்பார். சில நேரம் குடும்பத்தாரும் மேலேறி வந்து அருகில் நிற்பார்கள். அவரே தலையைக் குனிந்து, நாடாவைத் தளர்த்தி, முகமூடியைக் கழற்றி வென்றவரிடம் கொடுப்பார். வியர்வையில் நனைந்து, துணியின் தையல் பதிந்த வடுவோடு அந்த முகம் முதன்முறையாக வெளிச்சத்தைப் பார்க்கும். பிறகு அவர் ஒலிபெருக்கியில் மூன்று செய்திகளைச் சொல்வார்: இயற்பெயர், பிறந்த ஊர், எத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறார். மறுநாள் செய்தித்தாளில் அவை அச்சாகும். அதுவரை அந்தப் பெயரை அறிந்திருந்த செய்தியாளர்கள்கூட அதை எழுதியிருக்க மாட்டார்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அரேனா மெக்சிகோவில் அத்லாந்திஸ் என்ற மூத்த வீரரிடம் லா சோம்ப்ரா என்ற இளைஞர் இப்படித்தான் முகமூடியை இழந்தார். அவர்தான் பிறகு அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யில் ஆந்த்ராதே என்ற பெயரில் வெற்று முகத்துடன் தோன்றியவர்.

தொலைக்காட்சியிலும் சீட்டுக்கட்டு அட்டைகளிலும் மல்யுத்த வீரர்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ரே மிஸ்டீரியோவைத் தெரியாமல் இருக்காது. கலிஃபோர்னியாவில் பிறந்து, திஹுவானாவில் தம் மாமாவிடம் தொழில் கற்ற அவர், 1999 பிப்ரவரியில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் காட்சியில் முகமூடியை இழந்தார். அது இரட்டையர் போட்டி. எதிரே நின்றவர்கள் முகமூடிக்காரர்களும் அல்லர். மெக்சிகோவில் எதிர்பார்க்கப்படும் நீண்ட முன்கதையும் அதற்கு இல்லை. அந்த முடிவில் தமக்கு உடன்பாடில்லை என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 2002இல் டபிள்யூடபிள்யூஇ-யில் மறுபடியும் முகமூடியுடன் வந்தார். நம் ஊரில் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. நமக்கு முகமூடி அவருடைய அழகான ஆடையின் ஒரு பகுதிதான். இழந்த முகமூடியை மறுபடியும் அணியக் கூடாது என்று நம்பும் மெக்சிகோ ரசிகருக்கோ அது எளிதில் விழுங்கக்கூடிய செய்தியாக இருக்கவில்லை. ஒரே வீரர், ஒரே முகமூடி. பார்க்கிறவர்கள் அதற்குத் தரும் எடைதான் வேறாக இருந்தது.

இந்த எடையைச் சுமப்பவர்கள் கோதாவுக்கு வெளியிலும் இருந்தார்கள். 1985 செப்டம்பர் நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டு, எண்ணற்ற குடும்பங்கள் வீடிழந்தன. குடியிருப்போரை வெளியேற்றும் முயற்சிகள் தொடர்ந்த நிலையில், 1987இல் சிவப்பும் மஞ்சளுமான மல்யுத்த உடையில் சூப்பர்பாரியோ கோமெஸ் என்ற முகமூடி மனிதர் தோன்றி, காலி செய்யப்படவிருந்த வீடுகளின் வாசலில் குடியிருப்போருடன் நின்றார். அதிகாரிகளுடனான பேச்சுவார்த்தைகளிலும் முகமூடியோடே உட்கார்ந்தார். செர்ஹியோ குத்தியெரெஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தாம் நடத்திவந்த அநாதை இல்லத்துக்குப் பணம் சேர்க்க ஃப்ராய் தொர்மெந்தா என்ற பெயரில் பல ஆண்டுகள் மற்போர் புரிந்தார். இவர்களையெல்லாம் வேடிக்கை மனிதர்களாக மட்டும் பார்ப்பது பெரும் பிழை. முகத்தை மறைத்தவர் எல்லோருக்கும் உரியவராகிறார் என்ற எண்ணம் அந்த மக்களிடம் ஏற்கெனவே வேரூன்றி இருந்ததால்தான் இவை சாத்தியமாயின.

அதே மக்களின் அரசு லூச்சாவை எப்போதும் அன்போடு நடத்தவில்லை. 1950களில் தலைநகர நிர்வாகம் மற்போரைத் தொலைக்காட்சியில் காட்டத் தடை விதித்தது. பெண்கள் தலைநகரில் மோதுவதற்கும் அதே காலகட்டத்தில் தடை வந்தது. அது 1986 வரை நீடித்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் பெண் வீரர்கள் வெளியூர் அரங்குகளையே நம்பித் தொழில் செய்தார்கள். அதே நகரம் 2018இல் லூச்சா லிப்ரேயைத் தன் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது.

இனி கோதாவுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வீரர்கள் இரு கட்சியினர். ஒழுங்காகப் பிடி போட்டு, விதிப்படி மோதுபவர்கள் தெக்னிக்கோக்கள். நடுவர் திரும்பிய நேரம் பார்த்துக் கீழடி அடிப்பவர்கள், மூவர் சேர்ந்து ஒருவரைத் தாக்குபவர்கள் ரூதோக்கள். ரூதோக்களை வில்லன்கள் என்று மொழிபெயர்ப்பது பாதி உண்மையே. அவர்களுக்கென்றே உயிரை விடும் ரசிகர் கூட்டங்கள் உண்டு. ஒழுங்காக வாழ்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப முடியாத வாழ்க்கையில் இருப்பவருக்கு, குறுக்கு வழியை ஒளிக்காமல் காட்டுபவர்மேல் ஒரு பிரியம் வருவது இயல்பு. இரு தரப்புக்கும் வெளியே எக்சோதிக்கோக்கள் இருக்கிறார்கள். பெண்மையின் ஒப்பனையும் நடையும் கொண்ட இந்த ஆண் வீரர்கள் 1940கள் முதலே கோதாவில் உண்டு. வெகுகாலம் கேலிக்காகவே நிறுத்தப்பட்ட இந்த வகையை, தம் ஒருபாலின அடையாளத்தை மறைக்காத கசாந்த்ரோ போன்றவர்கள் மதிப்புக்குரியதாக உயர்த்தினார்கள்.

பெரும்பாலான மோதல்கள் மூன்றுக்கு மூன்று என்ற கணக்கில் நடக்கும். மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவர்கள் வெற்றியாளர்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் உண்டு. அவரை மடக்கினாலோ, மற்ற இருவரையும் மடக்கினாலோ அந்தச் சுற்று முடிந்தது. புதிதாகப் பார்க்கிறவர் குழம்புவது இங்கேதான்: ஒருவர் முதுகு தரையில் பட்டு மூன்று எண்ணியாயிற்று, ஆனாலும் சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று நினைப்பார். விழுந்தவர் தலைவர் அல்லர், அவ்வளவுதான். அதோடு, அமெரிக்கக் காட்சிகளில் போலக் கைதட்டி மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. கோதாவுக்குள் இருந்தவர் கீழே இறங்கினாலே கூட்டாளி உள்ளே வரலாம். அந்த இடைவிடாத வேகத்துக்கு இந்த ஒரு விதியே முக்கியக் காரணம். எதிரியைத் தலைகீழாகப் பிடித்து உச்சந்தலை தரையில் மோத இறக்கும் மார்த்தினேத்தே என்ற பிடிக்குத் தடை உண்டு. அதைச் செய்தவர் தோற்றவராக அறிவிக்கப்படுவார். அடிபட்டவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோகும்போது அரங்கமே அடங்கிவிடும். எதிரியின் முகமூடியைப் பிடுங்குவதும் அதே தண்டனைக்கு உரிய குற்றம்.

அந்தக் கடைசி விதி எப்படிச் செயல்படுகிறது என்பதைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. ஒரு ரூதோ தம் எதிரியைக் கயிற்றில் சாய்த்து, தலையின் பின்புற நாடாவைத் தேடி விரலை நுழைக்கிறார். உடனே அரங்கின் சத்தம் வேறாகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். முகமூடி கிழிந்தோ கழன்றோ போனால் அடிபட்டவர் செய்யும் முதல் காரியம் எதிரியைத் திருப்பி அடிப்பதன்று; இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் கவிழ்வதுதான். கூட்டாளி ஒரு துண்டை எடுத்து ஓடி வருவார். அடியையும் குத்தையும் அத்தனை நேரம் தாங்கிய ஆள் ஒரு துண்டுக்காகத் தவிப்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் ‘நிஜமா நடிப்பா’ என்ற கேள்வியை மறுபடி எழுப்பமாட்டார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். அரேனா மெக்சிகோ 1956இல் திறக்கப்பட்டது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். 1968 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. மல்யுத்தத்தின் பேராலயம் என்று ஊரார் இதைச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிதான் பெரியது. பழமையின் மணத்தை விரும்புகிறவர்களுக்கு, நகரின் பழைய மையப்பகுதியில் 1943இல் திறந்த அரேனா கொலிசேயோ இருக்கிறது. புனல்போல் சரிந்து இறங்கும் அந்தச் சிறிய அரங்கில் எங்கே உட்கார்ந்தாலும் கோதா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். சேஎமெலெலெயிலிருந்து 1992இல் பிரிந்துபோய்த் தொடங்கப்பட்ட போட்டி நிறுவனமான திரிப்லே ஆ ஊர் ஊராகக் காட்சி நடத்துகிறது. அதை டபிள்யூடபிள்யூஇ 2025இல் வாங்கிக்கொண்டது.

சீட்டை அரங்கத்தின் சாளரத்திலேயே வாங்கலாம். முகமூடியும் பானமும் சேர்த்துச் சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் தொகுப்பு கட்டாயமன்று. தனியே போகத் தயங்குகிறவர்களுக்கு அந்தத் தொகுப்பில் தவறேதும் இல்லை என்றாலும், வெளிநாட்டார் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைப்பதில் ஓர் இழப்பு இருக்கிறது: பேரனுக்கு நிலக்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே நடுவரின் பரம்பரையை இழுத்துத் திட்டும் பாட்டியம்மாள் உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார். அந்த வசவுகள் காதைப் பொசுக்கும் வகையைச் சேர்ந்தவை. தாயை இகழும் ஒரு வசவைச் சொல்லாமல் ஐந்து சுரத்தில் சீழ்க்கையாகவே அடிப்பார்கள். பொருள் தெரியாமல் அதைப் பழகிக்கொண்டு வீதியில் அடித்துவிட வேண்டாம். முதல் வரிசையில் அமர்ந்தால் பாய்ந்து வரும் வீரர் மடியில் விழக்கூடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சற்று மேலே உள்ள இருக்கைகளே நல்லது. அரங்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இரவில் தனியே நெடுந்தூரம் நடப்பதைத் தவிர்த்து வாடகைக் காரில் திரும்புவது நலம்.

ஒரு தரப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதை உபசாரமாகச் சொல்லவில்லை. தெக்னிக்கோ என்றோ ரூதோ என்றோ முழங்குபவர்களின் எதிரொலியை வைத்துத்தான் வீரர்கள் அடுத்த அடியை நீட்டவோ சுருக்கவோ செய்கிறார்கள்; கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மௌனமாக உட்கார்ந்திருக்கும் வரிசை அவர்களுக்கு ஓர் ஓட்டை. சிறப்பான மோதல் முடிந்ததும் ரசிகர்கள் நாணயங்களையும் நோட்டுகளையும் கோதாவுக்குள் எறியும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் காண வாய்த்தால், பைக்குள் கையை விடத் தயங்க வேண்டாம்.

காட்சி முடிந்தபின் பக்கவாட்டு வாசலருகே சிறுவர்கள் காத்திருப்பார்கள். சற்று முன்பு மின்னும் மேலங்கியில் வந்தவர் இப்போது சாதாரணச் சட்டையும் கால்சட்டையுமாக, சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வெளியே வருவார். முகமூடி மட்டும் அப்படியே இருக்கும். அவரோடு நின்று படம் எடுக்கலாம், கையெழுத்துக் கேட்கலாம். பெயரைக் கேட்கக் கூடாது. அவர் காரில் ஏறி, தெருமுனை திரும்பி, யாரும் பார்க்காத ஓரிடத்தை அடைந்த பிறகுதான் அந்த முடிச்சை அவிழ்ப்பார். அந்தக் காரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் வாசலில் நிற்கும் சிறுவர்களில் ஒருவனுக்கும் தோன்றுவதில்லை.